கொள்ளிடத்துப் பழைய பாலமும் எங்கள் மடிக்கணினியும்

2025 அக்டோபர் 14 அன்று எங்கள் வீட்டில் குறிப்பிடும்படி எதுவும் நடக்கவில்லை. மடிக்கணினி வழக்கம்போல் திறந்தது. மாணவர்களின் பருவத்தேர்வு மதிப்பெண் பட்டியல் வழக்கம்போல் அதில் ஏறியது. ஆயினும் சில வாரங்களாகத் திரையின் ஓரத்தில் வந்து வந்து போன அறிவிப்பின்படி, விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கு மைக்ரோசாப்ட் அளித்துவந்த ஆதரவு அன்றோடு முடிந்தது. அதாவது, இனி அதில் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் அடைக்க ஆள் வரமாட்டார். 2015இல் வெளிவந்த ஓர் இயங்குதளத்தின் பத்தாண்டு ஆயுள் அது.

நாங்கள் இருவரும் தமிழ் முதுகலை படித்தவர்கள்; திருச்சியில் வெவ்வேறு கல்லூரிகளில் தமிழ் கற்பிக்கிறோம்; திருவரங்கத்தில் சித்திரை வீதியில் குடியிருக்கிறோம். கணினி எங்களுக்குக் கருவிதான், ஆர்வம் அன்று. நன்னூல் உரைகளுக்குள் வேறுபாடு காணச் சொன்னால் நள்ளிரவு வரை உட்காருவோம். ஓர் இயங்குதளத்துக்கும் இன்னொன்றுக்கும் வேறுபாடு என்னவென்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவோம். அப்படிப்பட்ட நாங்கள் மூன்று மாத காலம் இந்த ஒரு கேள்வியோடு மல்லுக்கட்ட நேர்ந்த கதையை இங்கே பதிவு செய்ய விரும்புகிறோம். காரணம் கணினியன்று, அதற்குள் இருந்த ஒரு கோப்பு.

எங்களில் ஒருவருக்குத் தந்தை, மற்றவருக்கு மாமனார், இருவருக்கும் ஆசிரியர் என்று சொல்லத்தக்க பெரியவர் ஒருவர் எங்களோடு வாழ்ந்தார். உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். திருவாய்மொழிக்கு எழுந்த வியாக்கியானங்களுள் பெரியதாகிய ஈடு முப்பத்தாறாயிரப்படியை நாற்பதாண்டுக் காலம் விடாமல் வாசித்தவர். அதன் மணிப்பிரவாள நடையில் இன்றைய வாசகனைத் தடுக்கும் அருஞ்சொற்களையும் தொடர்களையும் எடுத்துப் பொருள் எழுதிவந்தார். 2004இல் அவருக்குக் கண்பார்வை மங்கத் தொடங்கியது. எங்களுக்குத் திருமணமாகி ஓராண்டு ஆகியிருந்தது. ஒரு பழைய மேசைக்கணினி வீட்டுக்கு வந்திருந்தது. அவர் நோட்டுப் புத்தகங்களைப் பார்த்துப் பார்த்துச் சொல்ல, நாங்கள் மாறி மாறித் தட்டச்சு செய்தோம். ஒவ்வொரு மாலையும் முடிவில், "எழுதினதைத் திருப்பிப் படிங்க, கேக்கிறேன்" என்பார். இரண்டாண்டில் 1,460 பதிவுகள் ஆயின. 2006இல் அவர் காலமானார். 2008இல் மர அலமாரியைத் திறந்தபோது நோட்டுப் புத்தகங்களைக் கரையான் தின்றிருந்தது. அட்டைகள் மட்டும் முழுதாக நின்றன.

ஆகவே எஞ்சியது கணினிக் கோப்பு மட்டுமே. அதை ஒரு கணினியிலிருந்து அடுத்த கணினிக்கு, அதிலிருந்து மடிக்கணினிக்கு என்று நகலெடுத்துச் சுமந்துவந்தோம். ஒவ்வொரு முறையும் கோப்பின் பெயர் இருக்கிறதா என்று பார்ப்போம், அளவைப் பார்ப்போம், மூடிவிடுவோம். திறந்து படித்தோமா என்று கேட்டால், இல்லை. ஓய்வு கிடைக்கும்போது பதிப்பிக்கலாம் என்று பதினேழு ஆண்டுகள் சொல்லிக்கொண்டிருந்தோம்.

*

நவம்பர் மாதத்தில் ஒரு சனிக்கிழமை, சத்திரம் பேருந்து நிலையத்துக்கு அருகில் கணினி பழுதுபார்க்கும் கடை ஒன்றுக்கு மடிக்கணினியை எடுத்துச் சென்றோம். அங்கிருந்த இளைஞர் அதைத் திருப்பிப் பார்த்த கையோடு சொன்னார்: "சார், இது 2017 மாடல். ப்ராசஸர் ஏழாவது ஜெனரேஷன். விண்டோஸ் பதினொண்ணு முறையா ஏறாது. எட்டாவதுலேருந்துதான் ஒத்துக்கும்."

"வேறு வழி?"

"குறுக்கு வழியில ஏத்தித் தரலாம். ஆனா நாளைக்கு அப்டேட் நின்னு போச்சுன்னு என்கிட்ட வரக்கூடாது. இல்லைன்னா ஒரு வருஷம் நீட்டிப்பு இருக்கு, 2026 அக்டோபர் 13 வரைக்கும் பாதுகாப்பு அப்டேட் மட்டும் வரும். அதுக்குள்ள புதுசு வாங்கிடுங்க." சற்று நிறுத்தி, எங்களில் மற்றவரைப் பார்த்துக் கேட்டார்: "உள்ளே முக்கியமா என்ன மேடம் இருக்கு?"

அந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்ல வரவில்லை. அகராதி என்று சொன்னால் அது சரியாகாது. அப்பா என்று சொன்னால் அவர் எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்திருப்பார். "கொஞ்சம் பழைய கோப்புகள்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தோம்.

நன்றாக ஓடுகிற ஒரு பொருளை எதற்காக விட வேண்டும் என்பதே வீடு திரும்பும் வழியெல்லாம் எங்கள் வழக்காக இருந்தது. ஒருவர் கட்சி: மடிக்கணினி ஓடுகிறது, ஓடும்வரை ஓடட்டும். மற்றவர் கட்சிக்கு ஊரிலேயே சான்று இருந்தது. திருவானைக்காவையும் நெ. 1 டோல்கேட்டையும் இணைத்துக் கொள்ளிடத்தின் மேல் 1928இல் கட்டப்பட்ட இரும்புப் பாலத்தை இவ்வூர்க்காரர் எவரும் மறந்திருக்க முடியாது. 2016இல் பக்கத்திலேயே புதிய பாலம் திறக்கப்பட்டது. பழையதில் வண்டிகள் நின்றன. பாலம் மட்டும் நின்றது. அதன் மேல் நாங்கள்கூடச் சில மாலைகளில் காற்று வாங்க நடந்திருக்கிறோம். கால் வைத்தால் உறுதியாகத்தான் இருந்தது. 2018 ஆகஸ்டில் மேட்டூர் நிரம்பிக் கொள்ளிடத்தில் பெருவெள்ளம் வந்தபோது தூண்கள் சரிந்து பாலத்தின் நடுப்பகுதி ஆற்றில் விழுந்தது.

ஆதரவு முடிந்த இயங்குதளம் என்பதை எங்களுக்கு நாங்களே விளக்கிக்கொண்டது இப்படித்தான். அது மறுநாளே விழாது. அடுத்த நாளும் விழாது. வெள்ளம் வராத வரை அதில் நடப்பவனுக்கு எந்த வேறுபாடும் தெரியாது. மாறாக, பராமரிக்கப்படும் பாலமே நமக்குத் தொல்லை தருகிறது. 1976இல் கட்டிய காவிரிப் பாலத்தைப் பழுதுபார்ப்பதற்காக 2022 இறுதியில் மூடி 2023 தொடக்கத்தில் திறந்தார்கள். அந்த மாதங்களில் சுற்றுவழியில் கல்லூரிக்குப் போய்வந்த எரிச்சல் இன்னும் நினைவிருக்கிறது. பாடம் நடத்தும் நேரம் பார்த்து "புதுப்பிக்கிறேன், அணைக்காதே" என்று சொல்லும் கணினியின் மேல் வரும் எரிச்சலும் அத்தகையதே. அந்த எரிச்சல், யாரோ ஒருவர் இன்னும் தூணைத் தட்டிப் பார்க்கிறார் என்பதன் அடையாளம்.

*

நிற்க. எதைத் தேர்வது?

முதலில் புதிய கணினி, அதில் விண்டோஸ் 11. இதுவே எளிய வழி. பெரும்பாலோர் கொள்வதும் இதுவே. ஆனால் நன்றாக உழைக்கும் ஒரு மடிக்கணினியை வெறும் தகுதிப் பட்டியலின் பேரில் குப்பையாக்க மனம் வரவில்லை. ஒரே தளத்தை உலகமே நம்புவதன் ஆபத்தும் நினைவுக்கு வந்தது. 2024 ஜூலை 19 அன்று ஒரு பாதுகாப்பு நிரலியின் பிழையான புதுப்பிப்பால் உலகெங்கும் ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையோடு நின்றன. இந்திய விமான நிலையங்களில் பயணிகளுக்கு நுழைவுச் சீட்டைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அது இயங்குதளத்தின் குற்றமன்று, மேலே ஏறியிருந்த நிரலியின் குற்றம். ஆயினும் கையெழுத்துச் சீட்டு ஒன்றின் படத்தைப் பார்த்தபோது, எழுதத் தெரிந்த கை ஒன்று எங்கும் இருப்பது நல்லது என்று தோன்றியது.

அடுத்தது ஆப்பிளின் மேக். தமிழுக்கு அது பழைய நண்பன். முரசு அஞ்சலை ஆக்கிய முத்து நெடுமாறனின் இணைமதி எழுத்துரு அதனுடனேயே வருகிறது. ஆனால் அதன் இயங்குதளத்துக்கு அதன் கணினியே வேண்டும். விலையைப் பார்த்துவிட்டு மரியாதையோடு ஒதுங்கிக்கொண்டோம்.

மூன்றாவது வழி பரணிலிருந்து இறங்கியது. 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் எங்கள் அண்ணன் மகளுக்குக் கிடைத்த கணினி ஒன்று எங்கள் வீட்டுப் பரணில் கிடந்தது. அதை இறக்கித் தூசி தட்டித் திறந்ததும் அது ஒரு கேள்வி கேட்டது: விண்டோஸா, பாஸா? பாஸ் என்பது சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் உருவாக்கிய இந்திய லினக்ஸ். பின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் 1991இல் எழுதத் தொடங்கிய லினக்ஸ் கருவின் மேல், 1993இல் பிறந்த டெபியன் என்னும் தன்னார்வலர் தொகுப்பை அடியாகக்கொண்டு அமைந்தது. அண்ணன் மகளைத் தொலைபேசியில் அழைத்து, "நீ அதைத் திறந்திருக்கிறாயா?" என்று கேட்டோம். "இல்லை சித்தி, வாங்கின அன்னிக்கே எல்லாரும் விண்டோஸ்தான் அழுத்தினோம்" என்றாள். மாணவர்கள் கையில் இரண்டு கதவுள்ள வீட்டைக் கொடுத்திருக்கிறார்கள். இரண்டாவது கதவைத் திறந்து காட்ட ஆசிரியர்களாகிய எங்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. அந்தக் குற்றத்தில் எங்களுக்கும் பங்குண்டு.

எங்கள் கல்லூரியில் கணினி அறிவியல் கற்பிக்கும் நண்பர் ஒருவர் டெபியனின் பதின்மூன்றாம் பதிப்பைப் பென் டிரைவில் ஏற்றித் தந்தார். 2025 ஆகஸ்டில் வெளியானது. ஏறத்தாழ ஐந்தாண்டு பாதுகாப்புப் புதுப்பிப்பு உண்டு என்றார். வன்தட்டைத் தொடாமலே அதிலிருந்து மடிக்கணினியை இயக்கிப் பார்க்கலாம் என்பது எங்களைப் போன்ற பயந்தாங்கொள்ளிகளுக்கு வசதியாக இருந்தது. தமிழ்99 விசைப்பலகையைச் சேர்த்தோம். 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி ஏற்கப்பட்ட அதே விசையமைப்பு. எங்கள் விரல்கள் அறிந்தது. எழுத்துகள் சரியாக வந்தன. கொம்பும் காலும் தத்தம் இடத்தில் நின்றன. இணைய இணைப்பு வந்தது. அச்சுப்பொறி வரவில்லை, இரண்டு நாள் கழித்து நண்பர் வந்து வரவழைத்தார்.

பிறகுதான் அந்தக் கோப்பைத் திறந்தோம். திரை முழுதும் பிரெஞ்சு எழுத்துகள் போலத் தொப்பியும் புள்ளியும் வைத்த ரோமன் எழுத்துகள்.

*

இளைய வாசகர்களுக்காக ஒரு விளக்கம். 2004இல் எங்களிடம் இருந்த கணினியில் ஒருங்குறி இல்லை. அக்காலத்தில் தமிழ் என்பது கணினியைப் பொறுத்தவரை ஒரு வேடம். கணினி தன் மனத்தில் ஏதோ ஓர் ஐரோப்பிய எழுத்தை வைத்திருக்கும். எழுத்துரு அதன் மேல் தமிழ் உருவத்தைப் போர்த்திக் காட்டும். ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வோர் அச்சகமும் தனித்தனிப் போர்வை வைத்திருந்தன. டாம், டாப் என்று 1999இல் தரப்பாடு செய்தும் பழைய போர்வைகள் போகவில்லை. 2010 ஜூன் 23 அன்று, கோவையில் செம்மொழி மாநாடு தொடங்கிய நாளில்தான் தமிழக அரசு ஒருங்குறியையும் டேஸ்16 என்ற குறியேற்றத்தையும் தரமாக ஏற்று ஆணையிட்டது. எங்கள் கோப்பு அதற்கு ஆறாண்டு மூத்தது. தெரிந்த அச்சகத்தார் ஒருவர் நெகிழ்தட்டில் தந்த எழுத்துருவில் அடித்தது.

அந்த எழுத்துருவையும் பத்திரமாக வைத்திருந்தோம். அதை டெபியனில் நிறுவியதும் போர்வை விழுந்து தமிழ் வந்தது. பெருமூச்சு விட்டுவிட்டு, பதினேழு ஆண்டுகளில் முதல் முறையாகப் படிக்கத் தொடங்கினோம். மூன்றாம் வரியிலேயே ஏதோ இடறியது. "ழவு" என்று ஒரு சொல். கீழே "றுமாப்பு". அதற்கும் கீழே "சைவு".

எல்லா இடத்திலும் இகரம் காணாமற் போயிருந்தது. மெய்யோடு சேர்ந்த இகரம் இருந்தது. தனித்து நிற்கும் 'இ' எங்குமே இல்லை. நண்பரைக் கேட்டோம். எங்கள் எழுத்துருவில் 'இ' குடியிருந்த எண் 173 என்றும், பிற நிரலிகள் அந்த எண்ணைக் கண்ணுக்குத் தெரியாத ஒரு சொல்வெட்டுக் கோடாகக் கொள்ளும் என்றும் சொன்னார். எப்போதோ ஒரு நிரலியிலிருந்து இன்னொன்றுக்குக் கோப்பை மாற்றியபோது, தேவையற்ற கோடுகள் என்று கருதி அது அத்தனை இகரங்களையும் கூட்டித் தள்ளியிருக்கிறது. 2009ஆம் ஆண்டு மாற்றமாக இருக்கலாம் என்பது எங்கள் ஊகம். அதற்கு முன் எடுத்த குறுந்தகடு இப்போது படிக்கவில்லை.

அன்றிரவு இருவரும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. இயங்குதளத்தை மாற்றினால் கோப்பு போய்விடுமோ என்று மூன்று வாரமாக அஞ்சிக்கொண்டிருந்தோம். கோப்பு பதினாறு ஆண்டுகளுக்கு முன்பே, நாங்கள் நம்பிய தளங்களின் மேல் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே, எங்கள் கண்முன்னே சிதைந்திருந்தது. பெயரைப் பார்த்தோம், அளவைப் பார்த்தோம், மூடினோம். அவர் எங்களுக்குக் கற்றுத்தந்த ஒரே விதி திருப்பிப் படிப்பது. அதைத்தான் செய்யவில்லை.

*

இந்த ஊரில் இவ்வாறு நூல் தொலைவது புதிதன்று. குருபரம்பரை நூல்கள் ஒரு நிகழ்ச்சியைச் சொல்லும். நஞ்சீயர் திருவாய்மொழிக்குத் தாம் எழுதிய ஒன்பதினாயிரப்படியைப் படியெடுத்துத் தருமாறு வரதராசர் என்னும் இளைஞரிடம் கொடுத்தார். அவர் ஏட்டுக் கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு காவிரியை நீந்திக் கடக்கையில் அலை வந்து கொண்டுபோயிற்று. மூலமும் போய்விட்டது. ஊர் போய்ச் சேர்ந்தவர், கேட்ட பொருளையெல்லாம் நினைவிலிருந்தே மீண்டும் எழுதி முடித்துக் கொண்டுவந்து கொடுத்தார். நஞ்சீயர் அவரை நம்பிள்ளை என்று தழுவிக்கொண்டார்.

அந்த நம்பிள்ளை பிற்காலத்தில் திருவரங்கத்தில் பகலில் சொன்ன பொருளை வடக்குத் திருவீதிப் பிள்ளை இரவில் எழுதிவைத்தார், அதுவே ஈடு. தம் இசைவின்றி எழுதப்பட்ட அந்த ஏட்டை நம்பிள்ளை வாங்கி, ஈயுண்ணி மாதவப் பெருமாளிடம் ஒப்படைத்தார் என்பர். அதன்பின் ஒருவர் ஒருவருக்கே சொல்லும் ஓராண் வழியாக அது இறங்கி, திருவாய்மொழிப் பிள்ளை வாயிலாக மணவாள மாமுனிகளிடம் வந்து சேர்ந்தது. அவர் பதினைந்தாம் நூற்றாண்டில் பெரிய கோயிலில் ஏறத்தாழ ஓராண்டு அதை எல்லோரும் கேட்க விரித்துரைத்தார். இடைப்பட்ட தலைமுறைகளில் ஒரே ஒரு கை தவறியிருந்தால் இன்று ஈடு இல்லை. எங்கள் பெரியவர் நாற்பதாண்டு வாசிக்க நூலும் இருந்திராது.

முன்னோர் நூலை அளந்த முறையையும் அப்போது நினைத்துக்கொண்டோம். ஒரு படி என்பது முப்பத்திரண்டு எழுத்து. முப்பத்தாறாயிரம் படி என்றால் 11,52,000 எழுத்து. இன்றைய கணக்கில் அது சில கைபேசிப் படங்களின் அளவே. ஆனால் நூலின் பெயரிலேயே அதன் அளவு இருக்கிறது. படியெடுத்தவன் எண்ணிப் பார்த்தால் எதுவும் உதிர்ந்ததா என்று தெரிந்துவிடும். எங்கள் கோப்பின் அளவைத் திரை எப்போதும் காட்டிக்கொண்டுதான் இருந்தது. அதை முந்தைய அளவோடு ஒப்பிட்டுப் பார்க்க எங்களுக்குத் தோன்றவில்லை.

*

டிசம்பர் விடுமுறை முழுதும் ஒருங்குறிக்கு மாற்றும் வேலையில் போயிற்று. நண்பர் நூறு வரியில் ஒரு சிறு நிரல் எழுதித் தந்தார். எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்ற அட்டவணையை நாங்கள் தயாரித்தோம். பழைய முறையில் 'கொ' என்பது கொம்பு, ககரம், கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையில் மூன்று குறிகள். ஒருங்குறியில் ககரம் முன்னும் ஒகரக் குறி பின்னுமாக இரண்டு. ஆகவே ஒவ்வொரு கொம்பையும் இடம் மாற்ற வேண்டும். ஏட்டில் புள்ளியும் இருக்காது, குறில் நெடில் வேறுபாடும் தெரியாது என்று மாணவர்களுக்குச் சுவடியியல் நடத்தியிருக்கிறோம். அந்தத் தொல்லையின் சுவையை இப்போதுதான் நேரில் அறிந்தோம்.

ஊரின் பெயரே ஒரு பாடம் கற்பித்தது. மாற்றிய கோப்பில் ஸ்ரீரங்கம் என்று தேடினால் பாதி இடங்களே கிடைத்தன. 2005இல் ஒருங்குறியில் 'ஶ' என்ற எழுத்து சேர்ந்த பிறகு, இந்த ஸ்ரீயை ஸகரத்தைக் கொண்டும் எழுதலாம், ஶகரத்தைக் கொண்டும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். கணினிக்கு அவை இரு வேறு ஊர்கள். அட்டவணையில் நாங்கள் ஒன்றை வைக்க, பிழை திருத்தும்போது விசைப்பலகை மற்றொன்றை எழுதியிருக்கிறது. திருவரங்கம் என்றே எழுதியிருந்தால் இந்தச் சிக்கல் இல்லை என்று எங்களில் ஒருவர் சொல்ல, மற்றவர் சிரித்தார். பல நாளுக்குப் பிறகு வந்த சிரிப்பு.

இகரத்தை மீட்கத் தொல்காப்பியர் துணை நின்றார். மொழிக்கு முதலில் எவ்வெழுத்து வரும், எது வராது என்று அவர் வகுத்ததை ஆண்டுதோறும் மனப்பாடமாக நடத்துகிறோம். அது ஒருநாள் பயன்படும் என்று எண்ணியதில்லை. ழகரமும் றகரமும் னகரமும் முதலில் வாரா. எனவே 'ழவு' என்றால் இழவு, 'றுமாப்பு' என்றால் இறுமாப்பு, 'னிமை' என்றால் இனிமை. சகரம் ஐகாரத்தோடு முதலில் வாராது என்பது அவர் விதி. சைவம் போன்ற வடசொற்களை ஒதுக்கிவிட்டால் 'சைவு' இசைவாகிவிடும். நிரலுக்கு இந்த விதிகளைக் கொடுத்ததும் ஒரே நொடியில் பெரும்பகுதி நேரானது. எஞ்சியவற்றை வரி வரியாகப் படித்தோம். ஒருவர் படிக்க மற்றவர் கேட்டார். 2004இன் மாலைகளைப் போலவே.

*

பொங்கலுக்கு முன் மடிக்கணினியில் டெபியனையே நிலையாக நிறுவினோம். எல்லோரும் அப்படிச் செய்ய வேண்டும் என்று சொல்ல மாட்டோம். கல்லூரி அலுவலகம் அனுப்பும் வினாத்தாள் படிவம் லிப்ரே ஆபீஸில் திறந்தால் கட்டங்கள் சற்றே நகர்ந்துவிடுகின்றன. சில சுற்றறிக்கைகள் இன்றும் பழைய எழுத்துருவிலேயே வருகின்றன. அவற்றுக்குத் துறையில் உள்ள விண்டோஸ் கணினியை நாடுகிறோம். அச்சுப்பொறி அவ்வப்போது முரண்டு பிடிக்கிறது. வரைகலை, ஒலிப்பதிவு என்று குறிப்பிட்ட நிரலியை நம்பி வாழ்பவர்களுக்கு அந்த நிரலி ஓடும் தளமே சரியானது. எங்களுக்கு வேண்டியது எழுதுவது, படிப்பது, தேடுவது. அதற்கு இது போதும். இன்னும் சில ஆண்டுகள் இதன் தூணைத் தட்டிப் பார்க்க ஆட்கள் இருக்கிறார்கள். இதுவும் முடியும் நாள் வரும். அப்போது வேறொன்றுக்குப் போவோம்.

நம்பகமான இயங்குதளம் எது என்று கேட்டுப் புறப்பட்டோம். நின்றுபோகாதது, வைரஸ் வராதது, வேகமானது என்றெல்லாம் பட்டியல் வைத்திருந்தோம். இப்போது எங்களிடம் ஒரே கேள்விதான் இருக்கிறது: நாளை இதை விட்டுப் போக நேர்ந்தால், எழுதியதையெல்லாம் எழுத்துக் குறையாமல் எடுத்துக்கொண்டு போக முடியுமா? விண்டோஸிலும் ஒருங்குறியில், எந்த நிரலியும் திறக்கக்கூடிய எளிய உரைக் கோப்பாக வைத்தால் முடியும். லினக்ஸிலும் தனிப்பட்ட எழுத்துருவில் வைத்தால் முடியாது. தளத்தை எவரோ பராமரிப்பார். உரையைத் திருப்பிப் படிக்க வேண்டியவர் நாம்.

பெரியவரின் அருஞ்சொல் தொகுப்பு இப்போது ஒருங்குறியில் எளிய உரைக் கோப்பாக இருக்கிறது. ஒன்று மடிக்கணினியில், ஒன்று தனி வன்தட்டில் அண்ணன் வீட்டில், ஒன்று தாளில் அச்சாகிக் கட்டடம் செய்யப்பட்டு அலமாரியில், இம்முறை இரும்பு அலமாரி. கோப்பின் முதல் வரியில் மொத்தப் பதிவுகளின் எண்ணிக்கையையும் எழுத்துகளின் எண்ணிக்கையையும் குறித்திருக்கிறோம். மாணவர்கள் நால்வர் நகல் கேட்டார்கள், கொடுத்தோம்.

ஒரே ஓர் இடம் தீரவில்லை. அடியார்கள் கூடியிருப்பதைப் பற்றிய ஒரு தொடருக்கு அவர் எழுதிய விளக்கத்தில் "நெஞ்சில் கல் நீங்கும்" என்று கோப்பில் இருக்கிறது. கல் என்பது முதன்மொழியாகவே நிற்கும், தொல்காப்பியர் தடுக்கமாட்டார். ஆனால் இகரம் உதிர்ந்த 'இகல்' ஆகவும் இருக்கலாம். நெஞ்சின் கனம் நீங்கும் என்றாரா, பகை நீங்கும் என்றாரா? இரண்டும் அவர் சொல்லக்கூடியவையே. எங்களில் ஒருவருக்குக் 'கல்' என்று அடித்தது நினைவிருக்கிறது. மற்றவருக்கு 'இகல்' என்று அவர் அழுத்திச் சொன்ன குரல் காதிலிருக்கிறது. இரண்டு இரவு வாதிட்டோம். பிறகு, பழைய பதிப்பாசிரியர்கள் செய்வதைப்போல 'கல்' என்று வைத்து, அடிக்குறிப்பில் 'இகல் என்றும் பாடம்' என்று எழுதிவிட்டோம்.